தொலைபேசி முன்னோடிகள்

ஒரே நிறுவனத்திற் கால் நூற்றாண்டு உழைத்து ஒருவர் இளைப்பாறும்போது நடைபெறும் பிரியாவிடை உபசாரத்தை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். மாலை சூட்டுவர், கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசளிப்பர், மேலதிகாரி எழுந்து நாலு நல்ல வார்த்தை சொல்வார், எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வர். மறுநாட் காலை அம்மனிதர் தம் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருப்பார். கையிற் புதிய கடிகாரம் இருக்கும். ஆயின் அது காட்டும் நேரத்திற்குச் செய்யவேண்டிய வேலை ஒன்றும் இராது. அத்தனை ஆண்டுகளாக அவருடைய கைகள் கற்றுக்கொண்ட தொழில் என்ன ஆகின்றது? அதனைப் பெற்றுக்கொள்வார் யார்?

இக்கேள்விக்கு நல்லதொரு விடை கண்ட சங்கம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. நீண்டகாலம் பணியாற்றிய ஊழியர்க்கென அந்நாட்டுப் பெருங் கொம்பனிகள் பல சங்கங்களை அமைத்திருக்கின்றன. கணக்கிடும் இயந்திரங்களாற் புகழ்பெற்ற ஐ.பி.எம். கொம்பனி 1924ஆம் ஆண்டிலே தன் 'கால் நூற்றாண்டுச் சங்க'த்தைத் தொடங்கியது. அதற்கும் முற்பட்டது நாம் இங்கே கூறப்போகும் 'அமெரிக்கத் தொலைபேசி முன்னோடிகள் சங்கம்'. அது தோன்றிய வகையும், பின்னர் மாறிய வகையும் மாணவர்களும் பெரியோரும் ஒருங்கே சிந்திக்கத் தக்கவை.

தொலைபேசியின் வரலாற்றை முதலிற் சிறிது நினைவுகூர்வோம். அலெக்சாந்தர் கிரகாம் பெல் என்பவர் பொஸ்ரன் நகரிலே செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாயார் காது மந்தமானவர். அவர் மணந்த மேபல் அம்மையாரும் 5 வயதிற் கண்ட செங்காய்ச்சலினால் முற்றாகச் செவிப்புலன் இழந்தவர். ஒலி என்பது எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு செல்கின்றது என்ற ஆராய்ச்சியிலே அவர் இராப்பகலாக மூழ்கியிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். 1876ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி, அவர் தம் உதவியாளர் தோமஸ் வட்சனைக் கூப்பிட்ட குரல், கம்பி வழியாக மற்றோர் அறைக்குத் தெளிவாகச் சென்றது. 1878 சனவரியிலே நியூஹேவன் என்னும் ஊரில் 21 சந்தாதாரர்களுடன் முதலாவது வர்த்தகத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது.

அந்நாளிலே தொலைபேசித் தொழிலிற் சேர்ந்தவர்களைத் துணிந்தவர்கள் என்றே சொல்லவேண்டும். இது விளையாட்டுப் பொருளாகவே மறைந்துவிடும் என்று பலர் நகைத்த காலம் அது. கம்பி இழுத்தல், கம்பம் நடுதல், கருவி செய்தல், கணக்கெழுதல், சந்தாதாரரைத் தேடிப் பிடித்தல் ஆகிய எல்லாவற்றையும் ஒருவரே செய்யவேண்டியிருந்தது. கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. பார்த்துப் படிக்கப் புத்தகமும் இல்லை. தோமஸ் டூலிற்றில் என்பவர் செம்புக் கம்பியை வலிமை குன்றாது இழுத்துச் செய்யும் முறையைக் கண்டமையாலேயே, நெடுந்தூரத் தொலைபேசிக்குத் தக்க கம்பி கிடைத்தது. 1884இலே பொஸ்ரனையும் நியூயோர்க்கையும் இணைத்த தொடர்பு செம்புக் கம்பியின் வழியே பேசியது.

1910ஆம் ஆண்டளவில் அந்தத் துணிந்த வாலிபர்களின் தலை நரைத்துவிட்டது. தொழிலோ அவர்கள் கனவிலும் எண்ணாத அளவிற்கு வளர்ந்துவிட்டது. கந்தோர்களிலே புதிய முகங்கள் நிறைந்தன. ஆதிநாளிலே தோளொடு தோள் நின்றவர் ஒருவரையொருவர் காண்பதே அரிதாயிற்று. அப்பொழுது டூலிற்றிலும், ஹென்றி போப், சார்ள்ஸ் ற்றூயெக்ஸ் என்னும் வேறு இரு பழைய ஊழியர்களும் கூடி, முதுபெரும் பணியாளர்க்கு ஒரு சங்கம் வேண்டும் என்று எண்ணினர். தொலைபேசித் தொழிலிலே 21 ஆண்டு கழித்தவரே அதில் உறுப்பினராகலாம் என்று விதி செய்தனர். தொலைபேசியே பிறந்து 35 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்விதி எத்துணைக் கடுமையானது என்பது விளங்கும்.

1911 நவம்பர் 2ஆம், 3ஆந் திகதிகளில் பொஸ்ரனிலே முதலாவது மகாநாடு கூடியது. முதலுறுப்பினராகப் பெயர் பதிந்தோர் 734 பேர். அவருள் 244 பேர் வந்திருந்தனர். கிரகாம் பெல்லும் வந்து உரையாற்றினார். அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கொம்பனியின் தலைவராய் விளங்கிய தியடோர் வெய்ல் சங்கத்திற்கும் முதற் தலைவரானார். 'தோழமை, விசுவாசம், சேவை' என்னும் மூன்று சொற்கள் சங்கத்தின் குறிக்கோளாயின. அம்மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தாற் சங்கத்தின் வரலாறு முழுவதும் அவற்றினுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

முதலாவது தோழமை. முற்காலத்திலே சங்கம் செய்த வேலை பெரும்பாலும் இதுவே. ஆண்டுக்கு ஒருமுறை கூடுவர், விருந்துண்பர், பழங்கதை பேசுவர், இறந்தவரை நினைந்து அஞ்சலி செய்வர். நாளடைவில் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர்தோறும் கிளைகள் எழுந்தன. உறுப்பினர் தொகை பல இலட்சமாகப் பெருகியது. இதிலே பிழை ஒன்றும் இல்லை. ஒரே கம்பத்தில் ஏறி ஒரே புயலிலே நனைந்தவர்கள் முதுமையில் ஒன்றாக இருந்து பேசி மகிழ்வது மனிதர்க்கு இயல்பான இன்பமே. ஆயினும், தோழமை என்னும் கூடத்தின் வாயில் எல்லாருக்கும் ஒரே அளவிற் திறந்திருந்ததா என்பதையும் கேட்டல் வேண்டும்.

தொலைபேசி நிலையங்களிலே தொடக்கத்தில் அழைப்புகளை இணைத்தவர்கள் சிறுவர்கள். அவர்கள் குறும்பும் முரட்டுப் பேச்சும் மிகுந்தவர்களாய் இருந்தமையால், 1878 செப்தெம்பர் 1ஆந் திகதி பொஸ்ரனிலே எம்மா நட் என்ற பெண் அவ்வேலைக்கு அமர்த்தப்பட்டார். உலகின் முதலாவது பெண் தொலைபேசி இணைப்பாளர் அவரே. பொறுமையும் இனிய குரலும் கொண்ட அவர், ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் அத்தொழிலில் நிலைத்திருந்தார். அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான கன்னியர் அவ்வேலைக்கு வந்தனர். வந்தவருள் மிகப் பலர் 21 ஆண்டு அங்கே இருக்கவில்லை, இருக்கவும் முடியவில்லை. மணமானதும் பெண் வேலையை விட்டு விலகவேண்டும் என்பதே அக்காலத்துக் கொம்பனிகளின் எதிர்பார்ப்பு. பல இடங்களில் அதுவே விதி. ஆகவே தம் இளமையின் மிகச் சிறந்த ஆண்டுகளைத் தலையிற் கருவி பூட்டி ஒரே இருக்கையிலே கழித்தவருட் பெரும்பாலோர், 'முன்னோடி' என்னும் பெயரைப் பெறுமுன்னரே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நீண்ட சேவைக்குப் பரிசளிப்போர், நீண்ட சேவை செய்யும் வாய்ப்பு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்த்தல் நன்று.

இரண்டாவது விசுவாசம். இச்சொல்லிலே கொம்பனித் தலைவர்க்கு விருப்பம் அதிகம் என்பதில் ஐயமில்லை. பழைய ஊழியரைச் சங்கமாகச் சேர்த்துப் பாராட்டினால், புதியவரும் நிலைத்திருப்பர். கொம்பனியைத் தம் குடும்பமாகவே கருதுவர். தொழிற்சங்கத்தின் பக்கம் அதிகம் திரும்பமாட்டார் என்ற எண்ணமும் அக்காலத்து முதலாளிமாரிடையே இருந்தது. ஆனால் விசுவாசம் ஒருபக்கமாக மட்டும் ஓடும் நதியன்று. இதனை வெய்லின் கொம்பனியும் ஓரளவு உணர்ந்திருந்தது. 1913ஆம் ஆண்டிலே தன் ஊழியர்க்கு இளைப்பாற்றுச் சம்பளமும், நோயுற்றகாலத்து உதவியும், மரணத்தின்பின் குடும்பத்திற்கு உதவியும் வழங்கும் திட்டமொன்றை அது கொண்டுவந்தது. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்தில் இது பெரிய காரியமே.

எனினும் சம்பளத்தைப் பற்றிய குறை தீரவில்லை. 1919 ஏப்ரிலிலே நியூ இங்கிலாந்துப் பகுதியின் பெண் இணைப்பாளர்கள் ஏறத்தாழ 8,000 பேர் ஜூலியா ஓகொனர் என்பாரின் தலைமையிலே வேலைநிறுத்தம் செய்தனர். முதலாம் உலகப் போரையொட்டித் தொலைபேசிச் சேவை அப்பொழுது அமெரிக்கத் தபாற்பகுதியின் ஆட்சியில் இருந்தது. பேச்சு நின்றது, வியாபாரம் திகைத்தது. 6 நாட்களில் அரசாங்கம் இணங்கிச் சம்பள உயர்வு கொடுத்தது. விருந்தும் பதக்கமும் நல்லவையே. ஆயின் அவை நியாயமான கூலிக்கு ஈடாகா என்பதை அப்பெண்கள் ஒரு வாரத்திற்குள்ளே உலகுக்கு உணர்த்திவிட்டனர்.

மூன்றாவது சேவை. இச்சொல்லே இச்சங்கத்தைப் பிற சங்கங்களினின்றும் வேறுபடுத்தி உயர்த்தியது. தொடக்கத்தில் 'சேவை' என்றால் கொம்பனிக்குச் செய்த சேவை என்பதே பொருள். 1950களின் பிற்பகுதியில் அதன் பொருள் விரிந்தது. இத்தனை இலட்சம் பேர், இத்தனை தொழிற்றிறன், இத்தனை ஓய்வுநேரம் ஆகிய மூன்றும் விருந்துண்பதற்கு மட்டுமா என்ற கேள்வி சங்கத்தினுள்ளே எழுந்தது. ஊருக்கு உழைப்பதே இனிச் சங்கத்தின் தலையாய கடமை என்று முடிவு செய்தனர். பணம் திரட்டிக் கொடுப்பதோடு அவர்கள் நின்றிருந்தால் நாம் இங்கே எழுத வேண்டியதில்லை. அதனை எவரும் செய்வர். அவர்கள் தம் கைத்தொழிலையே கொடுத்தனர்.

கண்பார்வை அற்றோர்க்கு நூல்களை ஒலித்தட்டிலே பதிந்து வழங்கும் திட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1930களிலே தொடங்கியிருந்தது. 'பேசும் புத்தகம்' என்பது அதன் பெயர். நாடெங்கும் வீடுகளுக்கு இரவலாகச் சென்ற ஒலிக்கருவிகள் பழுதாகும். பழுதான கருவி திரும்பி வருமளவும் அவ்வீட்டிலே புத்தகம் ஊமையாகிவிடும். 1960ஆம் ஆண்டு முதல் முன்னோடிகள் சங்கத்தவர் இக்கருவிகளைத் திருத்தும் பொறுப்பை ஏற்றனர். வாழ்நாள் முழுவதும் மின்கம்பியோடும் ஒலியோடும் பழகிய கைகளுக்கு இஃது அந்நியமான வேலையன்று. இளைப்பாறிய தொழில்நுட்பவியலாளர் பலர் கூலி பெறாது இதனைச் செய்தனர். பெயரும் முகமும் அறியாத ஒருவர் இரவிலே தனியாக இருந்து ஒரு கதையைக் கேட்பதற்கு அவர்கள் காரணமாயினர்.

மற்றொரு செய்தி நம் சிறுவர்களுக்கு மிகவும் பிடிக்கும். கொலராடோவிலே தொலைபேசிக் கொம்பனி ஒன்றின் பொறியியலாளர் சார்லி பெயர்பாங்ஸ் என்பவர், 1964இல் ஒரு பந்தினுள்ளே சிறிய ஒலிக்கருவியைப் பொருத்தினார். பந்து 'பீப், பீப்' என்று இடைவிடாது ஒலித்துக்கொண்டிருக்கும். கண்பார்வை இல்லாத பிள்ளை அது வரும் திசையைக் காதினால் அறிந்து மட்டையால் அடிக்கலாம். முன்னோடிகள் சங்கத்தவர் இப்பந்தை மேலும் திருத்திப் பல இடங்களுக்கும் பரப்பினர். அமெரிக்கர்க்குப் பேஸ்போல் நமக்குக் கிரிக்கெற் போன்றது. மைதானத்தின் ஓரத்திலே இருந்து பிறர் விளையாடும் ஆரவாரத்தை மட்டும் கேட்டிருந்த பிள்ளைகளுக்கு இது எத்தகைய வரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு பாடமும் உண்டு. விளையாட்டிற்கு முதலில் வகுக்கப்பட்ட விதிகள், விழுந்துவிடுவர், அடிபட்டுவிடுவர் என்ற அச்சம் மிகுந்தவை. ஓட்டம் இல்லை, வேகமும் இல்லை. அதனால் விளையாட வந்தவர்கள் சலிப்புற்றனர். 1975ஆம் ஆண்டளவிலே மினசோட்டாவைச் சேர்ந்த பார்வையற்ற விளையாட்டு வீரர்கள் தாமே புதிய விதிகளை அமைத்தனர். அடித்தவுடன் இரு தூண்களில் ஒன்று ஒலிக்கும். ஆட்டக்காரர் அவ்வொலியை நோக்கி முழு வேகத்துடன் ஓடவேண்டும். எதிர்க்கட்சியினர் பந்தைத் தேடிப் பிடிப்பதற்கு முன்னர் தூணைத் தொட்டால் ஓர் ஓட்டம். விழுந்தால் எழுந்து மீண்டும் ஓடுவர். 1976இல் இவ்விளையாட்டிற்கெனத் தேசியச் சங்கம் ஒன்றும் தோன்றியது. பந்தைக் கொடுத்தவர்கள் தொலைபேசி ஊழியர். அதனை மெய்யான விளையாட்டாக்கியவர்கள் பார்வையற்றோரே. உதவி செய்ய விரும்புவோர், உதவி பெறுவோரின் அறிவுக்கும் துணிவுக்கும் இடம்விட்டு நிற்றல் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட முடியாது.

இனி, இவ்வரலாற்றின் உச்சி என்று நாம் கருதும் நிகழ்ச்சிக்கு வருவோம். செவிப்புலன் அற்றோரின் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியைக் கண்டுபிடித்தார் என்று முன்னர் கூறினோம். அக்கருவி உலகத்து மாந்தர் எல்லாரையும் நெருங்கச் செய்தது. செவிப்புலன் அற்றோரை மட்டும் முன்னையினும் அதிகமாக விலக்கி வைத்தது. வைத்தியரை அழைப்பதற்கும், வேலை தேடுவதற்கும், தாயோடு பேசுவதற்கும் உலகம் தொலைபேசியை நம்பத் தொடங்கியபின், அவர்கள் ஒவ்வொரு சிறு காரியத்திற்கும் அயல்வீட்டாரின் கதவைத் தட்டவேண்டியவர் ஆயினர். பெல்லின் சொந்த மனைவியே தம் கணவர் படைத்த கருவியிற் பேச்சைக் கேட்க இயலாதவராய் வாழ்ந்து மறைந்தார்.

இந்நிலை 88 ஆண்டுகள் நீடித்தது. 1964இலே கலிபோர்ணியாவைச் சேர்ந்த றொபேட் வைற்பிறெக்ற் என்ற பௌதிகவியலாளர், தட்டெழுத்தைக் கம்பி வழியே அனுப்பும் 'ரெலிரைப்' இயந்திரத்தைச் சாதாரண தொலைபேசியுடன் இணைக்கும் கருவியைச் செய்தார். எழுத்தை ஒலியாக்கித் தொலைபேசி வாங்கியினூடே அனுப்பி, மறுமுனையில் அவ்வொலியை மீண்டும் எழுத்தாக்குவது அதன் வேலை. வைற்பிறெக்ற் செவிப்புலன் அற்றவர். அவருடன் சேர்ந்து உழைத்த பல்வைத்தியர் ஜேம்ஸ் மார்ஸ்ரர்ஸும் செவிப்புலன் அற்றவரே. வழி பிறந்துவிட்டது, ஆனால் இயந்திரத்திற்கு எங்கே போவது? புதியது விலை மிக அதிகம். தொலைபேசிக் கொம்பனியோ தன் பழைய ரெலிரைப் இயந்திரங்களை வெளியே கொடாது உடைத்து இரும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. செவிப்புலன் அற்றோர் விடாது முயன்று கேட்டதன் பயனாக, 1968இல் அவற்றை அவர்களுக்கு வழங்கக் கொம்பனி உடன்பட்டது.

பழைய இயந்திரம் என்றால் எண்ணெய் வற்றிப் பற்சக்கரம் தேய்ந்த பெரும் பாரம். அதைச் சுத்தஞ் செய்து, திருத்தி, வீட்டுக்கு வீடு கொண்டுசென்று பொருத்த யார் வருவார்? முன்னோடிகள் சங்கத்தவர் வந்தனர். அவ்வியந்திரங்களின் இயல்பை அவர்களைப்போல் அறிந்தவர் வேறு எவரும் இலர்; அவற்றுடனேயே அவர்கள் வாழ்நாள் கழிந்தது. கொம்பனிக்குப் பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட இயந்திரங்களையும், வேலைக்கு வயது கடந்துவிட்டது என்று இளைப்பாற அனுப்பப்பட்ட மனிதர்களையும் ஒருசேர நினைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அதுகாறும் பூட்டியிருந்த கதவொன்றைத் திறந்தன. பெல் தொடங்கிவைத்த காரியத்தின் பழைய கடன் ஒன்றை அவருடைய தொழிலின் முதியோர் ஓரளவேனும் தீர்த்துவைத்தனர்.

அதன்பின் காலம் பெரிதும் மாறிவிட்டது. இணைப்பாளர் இருந்த இடத்தைத் தானியங்கி இயந்திரங்கள் பிடித்தன. 1984 சனவரி 1ஆந் திகதி பெல் தொலைபேசி அமைப்பு நீதிமன்றத் தீர்ப்பின்படி பல கொம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கொம்பனியின் முதியோர் சங்கமாகத் தோன்றியது, அக்கொம்பனி பிளவுபட்ட பின்னரும் கலைந்துபோகவில்லை. பிரிந்த கொம்பனிகளின் ஊழியர்கள் கட்சி பாராது அதில் நீடித்தனர். தொண்டு செய்யும் கைகளுக்கு முதலாளி யார் என்பது பெரிதாகத் தோன்றவில்லை போலும். 21 ஆண்டு என்ற பழைய எல்லையும் பின்னர் தளர்த்தப்பட்டது. ஒரே கொம்பனியிலே வாழ்நாளைக் கழிப்போர் அருகிவரும் இக்காலத்திலே அஃது இயல்பே. விருந்தை மட்டும் நம்பியிருந்தால் இச்சங்கம் என்றோ மறைந்திருக்கும்.

நம் நாட்டிலும் தபாற்பகுதி, புகையிரதப் பகுதி, வைத்தியசாலை, பாடசாலை ஆகியவற்றிலே நீண்டகாலம் உழைத்து இளைப்பாறியவர் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்களைக் காணும்போது இளைஞர் வணக்கம் கூறுவர், அது போதாது. ஐயா, நீங்கள் செய்த தொழிலின் நுட்பம் யாது என்று ஒருமுறை அருகில் இருந்து கேட்டுப் பாருங்கள். நின்றுபோன கடிகாரத்தையோ, பேசாத வானொலியையோ, விளங்காத கணக்கையோ எடுத்துச்சென்று அவர்கள் முன் வையுங்கள். பெரியோரும், எம் காலம் முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டிருத்தல் வேண்டா. சம்பளப் புத்தகத்திலே பெயர் வெட்டப்பட்ட பின்னரும் கைத்தொழில் கையிலேயே இருக்கின்றது. அதற்காகக் காத்திருப்போர் அடுத்த வீதியிலே இருக்கக்கூடும்.